"நம்ம பிள்ளைதானே" என்று அவனிடம் போகாதீர்கள்

அடுத்த மாதம் நம் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் முதல் தடவையாக நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் ஏறப் போகிறான். காக்கி உடுப்போடு ஏறப் போகிறான். பொலிஸ் கான்ஸ்டபிள். பயிற்சி முடித்து வந்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. எதிரிக் கூண்டில் நிற்கப் போகிறவர்கள் நம் சங்கத்து ஆட்கள் ஆறு பேர். கொழுந்து நிறுக்கும்போது கிலோ கழிப்பதைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில், தோட்ட ஒபீசுக்கு முன்னால் நடந்த தள்ளுமுள்ளில் பிடிபட்டவர்கள்.

வழக்கு நடந்துகொண்டிருப்பதால் தோட்டத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ, அன்று யார் என்ன செய்தார்கள் என்பதையோ நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு இடம் நீதிமன்றம். நான் எழுத வந்தது இந்த ஒரு மாதமாக லயங்களிலும், நானுஓயா டவுன் தேத்தண்ணிக் கடைகளிலும், வெட்கத்தோடு சொல்கிறேன், நம் தலைவர்மார் சிலரின் வீட்டு வாசலிலும் நடக்கும் பேச்சைப் பற்றி.

"அவன் நம்ம லயத்துப் பிள்ளைதானே. கூட்டமா இருந்துச்சு, எனக்கு யாரையும் அடையாளம் தெரியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா கேஸ் முடிஞ்சிரும்." இதுதான் பேச்சு. அவனுடைய அம்மாவிடம் ஏற்கெனவே மூன்று தடவை ஆள் போயிருக்கிறது. முதல் தடவை உறவுக்காரர், இரண்டாம் தடவை கோயில் கமிட்டிக்காரர், மூன்றாம் தடவை நமது சங்கத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு ஒருவர். அந்த அம்மா இப்போதும் கொழுந்து எடுக்கிற தொழிலாளி. அந்த ஆறு பேரின் பெண்சாதிமாரோடு ஒரே மலையில், ஒரே நிரையில் நிற்கிறவர். என்னிடமும் வந்தார்கள். "ஒங்ககிட்ட அஞ்சாம் வகுப்பு படிச்ச பயதானே டீச்சர், நீங்க சொன்னா தட்ட மாட்டான்."

நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதற்காக "டீச்சர் பொலிஸ் பக்கம் சாய்ந்துவிட்டார்" என்று கதை பரவுகிறது. பரவட்டும். பதிலை ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போய்வந்தவர்கள் யாருக்கும் அது தெரிந்ததாகத் தெரியவில்லை. சாட்சியை மிரட்டுவதும், ஆதாயம் காட்டிச் சாட்சியை மாற்றச் சொல்வதும் இந்த நாட்டில் தனியான குற்றம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு அளிக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம், 10ஆம் இலக்கச் சட்டம், வந்திருக்கிறது. பொலிஸ்காரனும் சாட்சிதான். ஆறு பேரை வெளியே எடுக்கப் போய் ஏழாவது, எட்டாவது ஆளை நாமே உள்ளே தள்ளப் போகிறோமா? இன்னொன்று. சத்தியம் செய்துவிட்டு வேண்டுமென்றே பொய் சொல்கிற சாட்சிக்கு, தண்டனைச் சட்டக்கோவைப்படி ஏழு வருடம்வரை சிறை இருக்கிறது. "ஒரு வார்த்தைதானே" என்று அவன் அம்மாவிடம் கேட்டவர்கள் அந்த ஏழு வருடத்தைப் பற்றியும் சொன்னார்களா?

சரி, சட்டத்தை விடுவோம். பலருக்குச் சட்டம் என்றாலே அது துரைமாருக்கு எழுதினது என்ற நினைப்பு. அந்த நினைப்பு ஒரேயடியாகப் பிழை என்றும் சொல்ல முடியாது. நடைமுறையைப் பார்ப்போம்.

புதிதாகச் சேர்ந்த கான்ஸ்டபிள் ஒருவன் கூண்டில் ஏறும்போது அவன் கையில் வெறும் ஞாபகம் மட்டும் இருப்பதில்லை. சம்பவம் நடந்த அன்றே அவன் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். நிலையத்துக்குத் திரும்பியதும் தகவல் புத்தகத்தில் பதிந்திருக்க வேண்டும். நீதவானின் அனுமதியோடு அந்தக் குறிப்பைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொண்டு பதில் சொல்லச் சாட்சிச் சட்டம் இடம் கொடுக்கிறது. 1895இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த 14ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அது, இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. ஆனால் அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. அவன் ஒரு குறிப்பைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொண்டால், அந்தக் குறிப்பை நம் சட்டத்தரணியும் வாங்கிப் பார்க்கலாம், அதை வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். எத்தனை மணிக்கு எழுதினாய், எங்கே இருந்து எழுதினாய், ஆறு பெயரும் உனக்கு எப்படித் தெரியும், நீயே பார்த்து எழுதினாயா அல்லது நிலையத்தில் வேறு யாராவது சொல்லி எழுதினாயா. நமக்கு வழி திறக்கிற இடம் இதுதான்.

இப்போது அவன் நம் ஆட்கள் சொன்னபடி "யாரையும் தெரியவில்லை" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவன் கைப்பட எழுதிய புத்தகம் பக்கத்தில் இருக்கிறது. அவன் வாய் ஒன்று சொல்கிறது, புத்தகம் ஒன்று சொல்கிறது. வழக்கை நடத்துகிற பொலிஸ் தரப்பு அவனை எதிர்ச் சாட்சியாக்கி அவனையே கேள்வி கேட்கும். நீதவான் அவனை நம்ப மாட்டார். அவனுக்கு முன்னால் ஏறுகிற சார்ஜனையும் பின்னால் ஏறுகிற வாச்சரையும் நம்புவார். வழக்கு முடியாது. முடிவது அவனுடைய வேலை. அதோடு, நம் ஆட்கள் பொலிஸ்காரனையே விலைக்கு வாங்கப் பார்த்தவர்கள் என்ற பேரும் ஆறு பேரின் தலையில் ஏறும்.

அவன் உண்மையைச் சொன்னால்? கற்பனையாக ஒன்று சொல்கிறேன், இந்த வழக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பது பேர் நிற்கிறார்கள். ஒருவன் கல்லை எடுத்தான். ஆறு பேர் மீது வழக்கு. பொலிஸ் எழுத்தில் ஆறு பேரும் கல் எறிந்தார்கள். அந்த இடத்தில் நின்ற ஒரு கான்ஸ்டபிள், "ஒருவர் எறிந்ததைப் பார்த்தேன், மற்ற ஐந்து பேர் எறிந்ததை நான் பார்க்கவில்லை, அவர்கள் அங்கே நின்றார்கள், சத்தம் போட்டார்கள்" என்று சொன்னால் என்ன நடக்கும்? கல்லை எடுத்தவன் அதற்கான தண்டனையை ஏற்க வேண்டிவரும். அது கசப்புத்தான். மற்ற ஐந்து பேர் வீட்டுக்குப் போவார்கள்.  நாம் கேட்கிற பொய்யைவிட அவனுடைய உண்மை நம்முடைய அதிகமான ஆட்களைக் காப்பாற்றும். ஆனால் அந்த உண்மையைச் சொல்லவும் அவனுக்குத் தைரியம் வேண்டும், ஏனென்றால் அவனுடைய மேலதிகாரிக்கு வேண்டியது ஆறு பேரும் என்ற கணக்கு. அந்தப் பக்கத்திலிருந்து அவனை ஒருத்தர் இழுக்கிறார். இந்தப் பக்கத்திலிருந்து நாமும் இழுத்தால் இருபத்தி மூன்று வயதுப் பையன் என்ன செய்வான்? அதிகாரியின் பக்கம்தான் போவான். சம்பளம் அங்கேதான் இருக்கிறது.

"அவங்க மட்டும் பொய் சொல்லலாம், நாங்க மட்டும் அரிச்சந்திரனா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. தட்டிக்கழிக்க மாட்டேன்.

பொலிஸ் பொய் சொல்லியதில்லை என்று மலைநாட்டில் பிறந்த யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பொய்க்கும் முதல் வேண்டும். எழுதுகிற புத்தகம் அவர்களிடம். எழுதுகிற மொழி அவர்களிடம். சாட்சிக்கு வருகிற வாச்சரும் கணக்கப்பிள்ளையும் துரையிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். வழக்குத் தவணை பத்துத் தடவை தள்ளிப் போனாலும் பத்துத் தடவையும் வேலை நேரத்திலேயே வந்துபோகிற வசதி அவர்களுக்கு. நமக்கு ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பேர் போகும், பஸ் காசு போகும், சட்டத்தரணிக் காசு போகும். பொய்க்குப் பொய் என்று போட்டியில் இறங்கினால் நாம் தோற்கிறவர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்குகிற கணக்கு இது.

முல்லோயாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மே தினத்திலும் முல்லோயா கோவிந்தன், டெவன் சிவனு லெட்சுமணன் என்று பெயரைச் சொல்லி இரண்டு நிமிடம் எழுந்து நிற்கிறோம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எத்தனை மேடைகளில் சொல்கிறோம்? 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தார். அத்தோடு அடங்கிப் போகவேண்டிய விஷயம் அது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் செத்த கூலிக்காக யார் கேட்கப் போகிறார்கள் என்றுதான் சுட்டவர்களும் நினைத்திருப்பார்கள். ஆனால் எழும்பிய சத்தத்தில் அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு ஒன்றைப் போட வேண்டியதாயிற்று. கோவிந்தனின் மனைவிக்காக அங்கே ஆஜரானவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. பொலிஸ் சொன்னதை வரிக்கு வரி பிடித்து அவர் கேள்வி கேட்டார். பொலிஸும் தோட்ட நிர்வாகமும் எப்படி ஒரே கையாக வேலை செய்தன என்பது அந்த விசாரணையில் வெளியே வந்தது.

அதன் சூடு கொழும்புவரை போனது. தொழிலாளர்மீது பொலிஸ் போட்ட வழக்குகளை விசாரணை முடியும்வரை தள்ளிவைக்கும்படி உள்நாட்டு மந்திரி டி. பி. ஜயதிலக்கவின் பக்கத்திலிருந்து சொன்னதைப் பொலிஸ் மா அதிபர் பேங்ஸ் கேட்கவில்லை. ஆளுநர் கல்டெகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். மந்திரிகள் சபையே இராஜினாமாச் செய்தது. ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு நாட்டின் மந்திரிகள் சபையை ஆட்டியது. (அதே வருடத்தில் கொல்வினையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள் என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைப்போம். கேள்வி கேட்கிறவனுக்கு இந்த நாட்டில் அந்தப் பரிசும் உண்டு.)

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். முல்லோயாவில் யாரும் பொலிஸ்காரனின் வீட்டுக்குப் போய், "அண்ணே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கவில்லை. புருஷனை இழந்த ஒரு பெண் முன்னால் வந்து நின்றார். அவருக்காகக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் நின்றார். பொலிஸ்காரனை நம் பக்கம் இழுப்பதற்குச் செலவழிக்கிற நேரத்தை அவனிடம் கேட்க வேண்டிய கேள்விக்குச் செலவழித்தார்கள்.

இன்னொரு சம்பவத்துக்கு வருகிறேன். இது கடலுக்கு அந்தப் பக்கம், நம்மில் பலரின் சொந்தக்காரர்கள் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தோடு போய்ச் சேர்ந்த தமிழ்நாட்டில் நடந்தது. நீங்களும் அன்றைக்கு டெலிபோனில் பார்த்து அழுதிருப்பீர்கள். 2020 ஜூன் 19, கொரோனா ஊரடங்கு நேரம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்த ஜெயராஜைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கடையை நேரத்துக்கு மூடவில்லை என்பது குற்றம். தகப்பனைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் பிடித்துவைத்தார்கள். இரவு நடந்த அடியில், கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போன பிறகு, 22ஆம் திகதி மகனும் 23ஆம் திகதி தகப்பனும் செத்தார்கள்.

மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாகவே அந்த வழக்கைக் கையில் எடுத்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதவான் பாரதிதாசனுக்கு நிலையத்தில் யாரும் ஒத்துழைக்கவில்லை. அவரையே அவமானப்படுத்திப் பேசினார்கள். கெமராப் பதிவுகள் அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள். கடைசியில் வருவாய்த் துறை அதிகாரிகளைப் போட்டு அந்தப் பொலிஸ் நிலையத்தை எடுக்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டது. இத்தனைக்கும் நடுவில், அந்த இரவு வேலையில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி என்ற பெண், நீதவானிடம் வாயைத் திறந்தார். இரவு முழுக்க இரண்டு பேரையும் அடித்தார்கள் என்றார். லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருக்கிறது, அதை அழித்துவிடுவார்கள் என்றார். வெளியே சக பொலிஸ்காரர்கள் நிற்கிறார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அவருக்குக் கை வரவில்லை. பயம். பாதுகாப்புத் தருவதாகச் சொன்ன பிறகு போட்டார். பிறகு நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது. மத்திய புலனாய்வுத் துறை ஒன்பது பொலிஸ்காரர்மீது குற்றப்பத்திரிகை போட்டது.

அந்தப் பெண் அதற்கு முன்னால் ஏதாவது ஒரு வழக்கில், தன் தெரு ஆட்களுக்காக "நான் ஒன்றும் பார்க்கவில்லை" என்று பொய் சொன்னவராக இருந்திருந்தால்? அந்த ஒரு பொய்யைத் தூக்கிப் பிடித்தே எதிர்த்தரப்புச் சட்டத்தரணிமார் அவருடைய வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். செத்துப்போன இரண்டு பேருக்கு அந்த இரவைப் பற்றிப் பேச நிலையத்துக்குள் இருந்த வாய் அது. அந்த வாய்க்கு மதிப்பு இல்லாமல் போயிருக்கும்.

நம்முடைய பிள்ளைகள் இப்போதுதான் ஒருவர் இருவராகப் பொலிஸில் சேருகிறார்கள். அதற்காக நாம் எத்தனை வருடம் கத்தினோம்! தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் வேண்டும், நுவரெலியா மாவட்டத்து நிலையங்களில் தமிழில் எழுத ஆள் வேண்டும் என்று மகஜர்மேல் மகஜர் கொடுத்தோம். போன பிள்ளையைக் கூப்பிட்டு, முதல் வழக்கிலேயே, முதல் நாளிலேயே, "எங்களுக்காகப் பொய் சொல்" என்கிறோம். நாளைக்கு நம் பிள்ளை ஒருத்தனை ஒரு நிலையத்துக்குள் வைத்து அடிக்கிறபோது, அங்கே டியூட்டியில் இருக்கிற நம் லயத்துப் பையன் உண்மையைச் சொன்னாலும் நீதிமன்றம் அவனை நம்ப வேண்டாமா? தமிழ்ப் பொலிஸ்காரன் என்றால் தன் ஆட்களுக்காகப் புரட்டுகிறவன் என்ற பேச்சு ஒரு தடவை எழும்பிவிட்டால், பிறகு நம் பிள்ளைகளைத் தோட்டப் பக்கத்து நிலையங்களில் போடவே மாட்டார்கள். அப்படிச் சொல்லக் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பேச்சில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் வேறு. பையனைத் தேடி மூன்று தடவை போன நம் ஆட்களில் ஒருவராவது, அந்த ஆறு பேர் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம் என்ன மொழியில் எழுதப்பட்டது என்று கேட்டாரா?

நான் கேட்டேன். ஆறு பேரும் பேசியது தமிழ். எழுதியது சிங்களம். நான்கு பேருக்கு வாசித்துக் காட்டவே இல்லை. ஒருவருக்கு வாசித்தார்கள், சிங்களத்தில். ஒருவர் மட்டும், "என்ன எழுதியிருக்கு சேர்?" என்று கேட்டிருக்கிறார். "நீ சொன்னதுதான்" என்று பதில் வந்திருக்கிறது. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கூடப் போன நமது தலைவர் அங்கேதான் இருந்தார். "போட்டுட்டு வாங்க, பிறகு பார்த்துக்கலாம்" என்று அவர்தான் சொல்லியிருக்கிறார்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இது தெளிவாக இருக்கிறது. பொலிஸிடம் கொடுக்கிற வாக்குமூலத்தை, கொடுத்தவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசிக்க வேண்டும். எழுதிய மொழி அவருக்கு விளங்காவிட்டால் விளங்குகிற மொழியில் சொல்ல வேண்டும். திருத்தவும் கூட்டவும் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தமிழையும் அரச கரும மொழியாக வைத்திருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் தமிழில் எழுதுங்கள் என்று கேட்பது யாரிடமும் பிச்சை கேட்பது ஆகாது. நீதிமன்றத்தில் சிங்களத்தில் நடக்கிற விசாரணையை நமக்குத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்கும் உரிமையும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. எத்தனை வழக்குகளில் கேட்டிருக்கிறோம்? நீதவான் என்ன சொன்னார் என்று தெரியாமலே கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, "என்ன தவணை போட்டாங்க?" என்று வாசலில் நிற்கிற பொலிஸ்காரனிடமே கேட்கிறோமே.

பொலிஸிடம் கொடுத்த வாக்குமூலம் கூண்டில் எப்படி வரும் தெரியுமா? நம் ஆள் ஏறி ஒன்று சொல்வார். "நீ அன்று பொலிஸில் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறாயே" என்று அதை எடுத்து நீட்டுவார்கள். முரண்பாடு காட்டுவதற்கு அது நன்றாகவே உதவும். நாம் சொல்லாததை எழுதி, நாமே கையெழுத்து வைத்து, பிறகு நாமே பொய்யராகிறோம். வழக்கில் ஓட்டை அங்கே இருக்கிறது. அதை விட்டுவிட்டு இருபத்தி மூன்று வயதுப் பையனின் அம்மாவிடம் போய் நிற்கிறோம்.

தலைவர்மாருக்கு இது பிடிக்காது என்று தெரியும். நிலையத்துக்குப் போய் "பேசி முடிக்கிறது" என்பது பலருக்கு ஒரு பெருமை. பொறுப்பதிகாரியோடு தேத்தண்ணி குடிக்கிற அளவுக்குச் செல்வாக்கு என்று காட்டிக்கொள்ளலாம். அந்தச் செல்வாக்கு யாருடைய காசில் வந்தது? மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிற சந்தாக் காசில் வந்தது. சின்னச் சண்டைகளைப் பேசி முடிப்பதை நான் குறை சொல்லவில்லை. குடும்பச் சண்டை, மாட்டுச் சண்டை எல்லாம் நீதிமன்றம்வரை போக வேண்டியதில்லை. சங்க உரிமையைக் கேட்கப் போனதற்கு வழக்குப் போட்டால், அதை வாசலில் பேசி முடிக்க முடியாது. அங்கே பேசி முடிக்கிறவர், அடுத்த தடவை கிலோ கழிக்கிறபோது கேட்கப் போக ஆள் இல்லாமல் செய்கிறார்.

ஆகவே கிளைக் கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பதை இங்கேயும் சொல்கிறேன். இந்த வழக்குக்குச் சாட்சி சொல்ல வருகிற ஒவ்வொருவருக்கும், போகிற ஒவ்வொரு தவணைக்கும், இழக்கிற பேருக்குச் சங்கம் காசு கொடுக்க வேண்டும். சாட்சிக்குக் காசு கொடுக்கிறோம் என்று யாரும் திரிக்காமல் இருக்க, எல்லோருக்கும் ஒரே கணக்கு, பற்றுச்சீட்டோடு, கமிட்டி முன்னால். சட்டத்தரணியிடம் காசைக் கட்டிவிட்டு வந்துவிடாமல், அன்று அங்கே நின்றவர்கள் எல்லோரையும் அவர் நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும். பொலிஸ் நிலையத்துக்கு நம் ஆளோடு போகிற எவரும், வாசித்துக் காட்டாத காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது. சொன்னால் அவரைக் கமிட்டியிலிருந்து எடுக்க வேண்டும். கடைசி வரிக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது என்று கேள்வி. யார் எதிர்க்கிறார்கள் என்று கூட்டத்தில் பார்ப்போம்.

அன்று நிறுவை மடுவத்தில் நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். ஆனால் இதுவரை சாட்சி என்று பேச்சு வரும்போது ஒரு பெண்ணின் பெயர்கூட யாரும் சொல்லவில்லை. "பொம்பளைங்களைக் கோட்டுக்கு இழுக்கவா?" என்கிறார்கள். முல்லோயாவில் கோவிந்தனின் மனைவி முன்னால் வந்து நின்று இப்போது எண்பது வருடத்துக்கு மேலாகிறது. தராசைப் பார்த்தவர்கள் நீங்கள். எத்தனை கிலோ காட்டியது, எத்தனை எழுதினார்கள், யார் முதலில் கையை ஓங்கினார்கள் என்று பார்த்தவர்கள் நீங்கள். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் சொல்ல உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாததற்குத் "தெரியாது" என்று சொல்வது கூண்டில் குறைச்சல் இல்லை. கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேட்கலாம். தமிழில் கேட்கச் சொல்லலாம்.

அந்தப் பையனுக்கும் நான் ஒன்றும் சொல்லி அனுப்பப் போவதில்லை. இந்தப் பத்திரிகை அவன் கைக்கும் போகும், அவன் அம்மா சந்தாக்காரர். பொலிஸ் கேட்பதற்கும் நாங்கள் கேட்பதற்கும் இடையில் அவன் பார்த்தது ஒன்று இருக்கிறது. அது அவனுக்குத் தெரியும். நம் சட்டத்தரணி அவனைக் கடுமையாகத்தான் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். அவன் சொல்வது நமக்குப் பாதகமாக வந்தால், அதற்காக அவன் வீட்டுத் தண்ணிக் குழாயை அடைப்பதோ, அவன் அம்மாவோடு நிரையில் பேசாமல் இருப்பதோ, கோயில் திருவிழாவில் அவர்களுடைய வரியை வாங்க மாட்டோம் என்பதோ நடந்தால், அப்படிச் செய்கிறவர்களை எதிர்த்து முதல் ஆளாக நான் நிற்பேன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோயில் மண்டபத்தில் சட்டத்தரணி வருகிறார். அன்று நிறுவை மடுவத்திலும் ஒபீஸ் வாசலிலும் நின்ற எல்லோரும், ஆணும் பெண்ணும், வாருங்கள். அடையாள அட்டையையும், அந்த மாதத்துச் சம்பளச் சீட்டையும், கொழுந்துத் துண்டு வைத்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாம், பார்த்துக்கொள்ள என் வகுப்புப் பெரிய பிள்ளைகள் இருப்பார்கள். விறகுக்குப் போகிற வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளிவையுங்கள். பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடுவோம்.